குண்டு விழாத உலையும் ஏன் அணைகிறது?

கேள்வி இதுதான்: "உக்ரைனில் 2021இல் 2.14 கோடி டன் எஃகு உற்பத்தியானது. 2022இல் வெறும் 63 லட்சம் டன். எல்லா ஆலைகள் மேலுமா குண்டு விழுந்தது? போர் நின்றதும் ஜெர்மனி, ஜப்பான் மாதிரி எல்லாவற்றையும் புதிதாகக் கட்டி முன்னைவிடப் பெரிதாக வந்துவிட முடியாதா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆலை எதனால் நிற்கிறது என்பது ஒன்று. நின்ற ஆலை எதைக் கொண்டு மறுபடி ஓடுகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்லலாம், ஏனென்றால் அது உலோகவியலும் கணக்கும். இரண்டாவதில் பாதி அரசியல், பாதி சந்தை. அங்கே வரலாற்றைக் காட்டலாம், சோதிடம் சொல்ல முடியாது.

முதலில் நேரடி இழப்பைக் கழித்துவிடுவோம். மரியுபோலில் இருந்த அசோவ்ஸ்டல், இலிச் என்ற இரண்டு ஆலைகளும் சேர்ந்து நாட்டின் எஃகுத் திறனில் ஏறக்குறைய 40 சதவீதம். 2022 பிப்ரவரியில் படையெடுப்பு தொடங்கிய நாட்களிலேயே அவை நின்றன. அசோவ்ஸ்டல் வளாகம் மே மாதம் வரை முற்றுகையில் இருந்தது, பிறகு நகரமே ரஷ்யாவின் கையில் போய்விட்டது. இதைக் கழித்தால்கூட மீதி ஆலைகள் பழைய அளவில் ஓடியிருந்தால் 1.2 அல்லது 1.3 கோடி டன் வந்திருக்க வேண்டும். வந்தது அதில் பாதி. கிரிவீ ரீ, ஜபோரிஜியா, காமியன்ஸ்கே ஆகிய ஊர்களின் ஆலைகள் உக்ரைனிடமே இருந்தன, கட்டடங்களும் பெரும்பாலும் நின்றன. இங்கே காணாமல் போன பாதிக்குத்தான் விளக்கம் வேண்டும்.

அதில் பெரும்பங்கு போக்குவரத்து. ஒரு டன் எஃகுக்கு ஊதுலை (சூடான காற்றை ஊதித் தாதை இரும்பாக உருக்கும் பெரிய உலை) வழியில் சுமார் 1.4 டன் இரும்புத் தாது, 0.8 டன் நிலக்கரி, கால் டன்னுக்குச் சற்று மேல் சுண்ணாம்புக்கல் தேவை. ஆண்டுக்கு 40 லட்சம் டன் திறனுள்ள ஆலை ஒரு நாளைக்கு 11,000 டன் எஃகு தருகிறது என்றால், தினமும் ஏறக்குறைய 27,000 டன் மூலப்பொருள் வாசலுக்கு வர வேண்டும். வேகன் ஒன்றுக்கு 65 டன் என்று வைத்தால் நாளொன்றுக்கு 400க்கு மேல் வேகன் உள்ளே, 170 வேகன் வெளியே. தினமும், விடுமுறை இல்லாமல். இதை லாரியில் ஈடுகட்ட முடியாது. உக்ரைன் எஃகில் பெரும்பகுதி ஏற்றுமதிச் சரக்கு, அதில் பெரும்பகுதி கருங்கடல் துறைமுகங்கள் வழியாகப் போனது. துறைமுகம் மூடியதும் சரக்கு மேற்கு எல்லைக்குத் திரும்பியது. அங்கே உக்ரைன் ரயில்பாதையின் அகலம் 1,520 மி.மீ., போலந்துப் பக்கம் 1,435 மி.மீ. எல்லையில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும், அல்லது வேகனின் சக்கர வண்டியை மாற்ற வேண்டும். இதில் முதலில் அடிபடுவது விலை குறைந்த சரக்கு. தாதும் வார்ப்பிரும்புக் கட்டியும் டன்னுக்கு இத்தனை டாலர் கூடுதல் ரயில் கூலியைத் தாங்காது, தடித்த தகடு ஓரளவு தாங்கும். 2022 ஜூலையில் ஐ.நா., துருக்கி முன்னிலையில் வந்த தானிய ஒப்பந்தம் உணவுக்கும் உரத்துக்கும் மட்டுமே, உலோகத்துக்கு இல்லை. 2023 ஆகஸ்டில் உக்ரைன் தானே ஒரு கடல் வழியைத் திறந்த பிறகுதான் தாதும் எஃகும் கப்பல் ஏறின. உற்பத்தி 2023இல் 62 லட்சம் டன்னாக இருந்தது, 2024இல் 76 லட்சம் டன்னானது. அந்த ஏற்றத்துக்குப் பின்னால் புது உலை எதுவும் இல்லை.

அடுத்தது வெப்பம். வெளியாருக்கு எளிதில் பிடிபடாத இடம் இது. ஊதுலை என்பது வேண்டும்போது ஏற்றி வேண்டாதபோது அணைக்கும் அடுப்பு அல்ல. மேலே கொட்டும் தாதும் கோக்கும் (நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கும் எரிபொருள்) கீழே காற்றுக் குழல் மட்டத்துக்கு இறங்கவே ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். ஒழுங்காக நிறுத்த வேண்டுமானால், தாதைக் குறைத்துக் கோக்கைக் கூட்டிய சுமையை முன்கூட்டியே போட்டு அது கீழே இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அடியில் தேங்கிய 1,450 முதல் 1,500 பாகை செல்சியஸ் இரும்பையும் கசட்டையும் முடிந்தவரை வடிக்க வேண்டும். பிறகு காற்றை நிறுத்தி, குழல்களைக் களிமண்ணால் அடைத்து, எங்கும் காற்று புகாமல் மூட வேண்டும். குளிர்நீர்த் தகடுகளில் ஒழுகல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒழுகும் நீர் சூடான கோக்கில் பட்டால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் உருவாகும், வெடிக்கவும் கூடும். வெடிக்காவிட்டாலும் உலையின் வெப்பத்தைத் திருடிக்கொண்டே இருக்கும். இப்படி முறையாக மூடிய உலை வாரக்கணக்கில், நல்ல தயாரிப்போடு மாதக்கணக்கிலும் உயிரோடு கிடக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் கிரிவீ ரீயிலும் ஜபோரிஜியாவிலும் செய்தது இதைத்தான். அதனால்தான் ஏப்ரலில் திரும்பப் பற்றவைக்க முடிந்தது.

அந்த அவகாசம் கிடைக்காமல் திடீரென்று மின்சாரமும் காற்றும் போனால் கதை வேறு. அடியில் உள்ள இரும்பு உறைந்து நூற்றுக்கணக்கான டன் பாறையாகிவிடும், உலைக்காரர்கள் அதைச் சாலமண்டர் என்பார்கள். உலையைத் திறக்க ஆக்சிஜன் குழாயால் இரும்பு இறக்கும் துளைக்கும் அதன் மேலுள்ள ஒரு காற்றுக் குழலுக்கும் இடையே வழி எரித்து, அந்த ஒரு குழலில் மட்டும் காற்று கொடுத்து, உருகியது வடிய வடியப் பக்கத்துக் குழலைத் திறந்து, வட்டத்தைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். வாரங்கள் பிடிக்கும். அவசரப்பட்டு நாலைந்து குழலை ஒரே நேரத்தில் திறந்தால், வடிய வழியில்லாத இரும்பும் கசடும் குழல் வரை ஏறி அதையும் அடைத்துவிடும். முழுக்க உறைந்திருந்தால் துளையிட்டு வெடிவைத்துத் துண்டு துண்டாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அடிச் செங்கலை மாற்றும் வேலையும் அதோடு சேரும்.

ஊதுலையைவிட மோசம் கோக் அடுப்பு. அதன் சுவர் சிலிக்கா செங்கல். 600 பாகைக்கு மேலே அது மிக நிலையான பொருள், வேலை செய்யும் 1,200 முதல் 1,300 பாகையில் பல பத்தாண்டுகள் நிற்கும். கீழே இறங்கும்போது சிலிக்காவின் படிக அமைப்பு மாறி, செங்கலின் கன அளவு சட்டென்று சுருங்குகிறது. 573 பாகையில் ஒரு மாற்றம், 200க்கும் 300க்கும் நடுவில் இன்னொன்று. சுவர் விரிசல் விட்டுவிடும். திரும்பச் சூடேற்றினால் விரிசல் மூடாது, வாயு ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குக் கசியும். ஆகவே ஒருமுறை முழுக்க ஆறிய கோக் அடுப்பு வரிசையைப் பெரும்பாலும் இடித்துக் கட்ட வேண்டியதுதான். புதிதாகக் கட்டியதைச் சூடேற்றவே இரண்டு மூன்று மாதம் வேண்டும், தொடக்கத்தில் நாளுக்குச் சில பாகைகள் என்ற கணக்கில். இதனால்தான் போர்க்காலத்தில் கோக் ஆலைக்காரர்கள் கரி போடும் இடைவெளியை 18 மணியிலிருந்து 30, 40 மணி நேரம் வரை இழுத்தாவது அடுப்பை அணையாமல் காப்பார்கள். கரியே இல்லையென்றால் இயற்கை எரிவாயுவை வாங்கி எரித்து வெற்று அடுப்பைச் சூடாக வைத்திருப்பார்கள். வருமானம் ஒரு காசும் இல்லாத எரிப்பு அது. ஆலை மீளுமா என்று ஊகிக்க ஒரே ஒரு செய்தி போதும் என்றால், உலை பற்றிக் கேட்கமாட்டேன், கோக் அடுப்பு சூடாக இருக்கிறதா என்று கேட்பேன்.

ஒன்று நின்றால் மற்றவை ஏன் வரிசையாக நிற்கின்றன என்பதற்கும் விடை வாயுவில் இருக்கிறது. ஒரு டன் உருகிரும்புக்கு ஏறக்குறைய 1,500 கன மீட்டர் ஊதுலை வாயு மேலே வருகிறது. வெப்ப மதிப்பு குறைவுதான் என்றாலும், ஆலையின் சொந்த மின்நிலையம், நீராவிக் கொதிகலன், காற்றைச் சூடாக்கும் கோபுரங்கள் எல்லாம் அதில்தான் ஓடும். கோக் அடுப்பின் வாயு உருட்டாலையின் சூடேற்று உலைக்குப் போகும். நான்கு உலையில் மூன்றை நிறுத்தினால் இரும்பு மட்டும் கால் பங்காகக் குறைவதில்லை. சொந்த மின்சாரமும் குறையும், உருட்டாலைக்கு வெளியிலிருந்து வாயு வாங்க வேண்டும், டன்னுக்கான செலவு ஏறும். 2022 அக்டோபரிலிருந்து மின் கட்டமைப்பின் மீது தாக்குதல் தொடங்கியபோது இரண்டு பக்கமும் சேர்ந்து நெருக்கின. நீரையும் மறக்கக்கூடாது. 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்தபோது கிரிவீ ரீ ஆலையில் ஒரு செங்கல்லும் பெயரவில்லை. ஆனால் நீரை மிச்சப்படுத்த எஃகுப் பிரிவையும் உருட்டுப் பிரிவையும் நிறுத்த வேண்டி வந்தது.

அலுமினியத்தில் இந்தப் பலவீனம் இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 14,000 யூனிட் மின்சாரம். மின்பொறியின் வெப்பத்தில் உருக்கும் மின்வில் உலையில் பழைய இரும்புக்கு டன்னுக்கு 400 யூனிட் போதும். அலுமினியத் தொட்டியில் 960 பாகையில் உருகிக் கிடக்கும் உப்புக் குழம்பு, நான்கைந்து மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் உறையத் தொடங்கும். நூற்றுக்கணக்கான தொட்டிகளை ஒவ்வொன்றாகக் குடைந்து, உட்பூச்சை மாற்றி ஏற்றப் பல மாதங்கள். மின்வில் உலைக்கு இந்தத் தொல்லை கிடையாது. இரவு மின்சாரம் இருந்தால் ஓட்டலாம், பகலில் நிறுத்தலாம். போர் நடக்கும் நாட்டில் சிறிய மின்வில் ஆலைகள் பெரிய ஆலைகளைவிட நீண்ட நாள் தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

கரி, ஆள் இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அவ்தீவ்கா கோக் ஆலை ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றில் ஒன்று, 2024 பிப்ரவரியில் ரஷ்யாவின் கைக்குப் போனது. உக்ரைனிடம் மிஞ்சியிருந்த ஒரே பெரிய கோக் கரிச் சுரங்கம் போக்ரோவ்ஸ்க் அருகே இருந்தது, 2025 ஜனவரியில் வேலை நின்றது. அது போனால் நாட்டின் எஃகு ஆண்டுக்கு 20, 30 லட்சம் டன்னாகச் சரியும் என்று தொழில்துறையினரே எச்சரித்திருந்தார்கள். அந்த அளவுக்குச் சரியவில்லை. கடல் வழி திறந்திருந்ததால் வெளிநாட்டுக் கரி வந்தது, அடக்கவிலைதான் ஏறியது. இத்தகைய முன்கணிப்புகளை நான் எப்போதும் பாதி நம்பிக்கையோடு படிப்பேன். மாற்று வழி ஒன்று திறந்திருக்கிறதா என்பதைக் கணக்கில் எடுக்காத கணிப்பு அநேகமாகப் பொய்க்கும். ஆள் விஷயத்தில் அப்படி மாற்று வழி கிடையாது. கிரேன் ஓட்டுநர், வாயுப் பிரிவு ஆள், தீச்செங்கல் கொத்தனார், ரிலே தெரிந்த எலெக்ட்ரீஷியன் எல்லாம் படையில் சேர்க்கும் வயதில் இருப்பவர்கள். முக்கிய நிறுவனங்களுக்கு விலக்குப் பட்டியல் உண்டு, எல்லோரையும் அதில் சேர்க்க முடியாது. ஊதுலையின் ஷிப்ட் ஃபோர்மேன் ஒருவர் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும், அந்த இடத்துக்கு ஆறு மாதப் பயிற்சி போதாது.

இனி இரண்டாம் கேள்வி. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு எந்த வரிசையில் ஆலை எழும்? முதல் வேலை வெடிக்காத குண்டுகளைத் தேடி அகற்றுவது. கசட்டு மேடு, கேபிள் சுரங்கம், கீழ்த்தளப் பள்ளங்கள் இங்கேதான் அவை ஒளிந்திருக்கும். அடுத்து கூரைத் தாங்கிகளையும் கிரேன் ஓடும் தூண்களையும் அளப்பது. நிமிர்ந்து நிற்பது போலத் தெரியும் தூண் தீயில் சூடாகி வலுவிழந்திருக்கலாம், 200 டன் வாளியைத் தூக்கும்போதா அது தெரியவர வேண்டும்? பிறகு மின்சாரம். பெரிய மின்மாற்றி ஒன்றை ஆர்டர் செய்தால் வந்து சேர ஓராண்டுக்கு மேலாகலாம், ஆகவே மறுகட்டுமானத் திட்டத்தில் முதல் காசோலை பெரும்பாலும் அதற்குத்தான். நின்றுபோன மோட்டார்களை அப்படியே ஓட்டக்கூடாது. சுருளில் ஈரம் ஏறியிருக்கும், சூடேற்றி உலர்த்தி, மெக்கர் என்ற மின்காப்புச் சோதனைக் கருவி வைத்துப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். குளிர்காலத்தில் நீர் வடிக்காமல் விட்ட குழாய்கள் வெடித்திருக்கும், செம்புக் கேபிளைத் திருடர்கள் உருவியிருப்பார்கள். போர்ச் சேதம் என்று கணக்கில் எழுதப்படுவதில் கணிசமான பங்கு உண்மையில் இந்த இரண்டும்தான்.

மின்சாரம் வந்ததும் எதை முதலில் ஓட்டுவது என்பதில் ஒரு சங்கிலி இருக்கிறது. வாயுக் குழாய்களில் நைட்ரஜன் ஏற்றி உள்ளே தங்கிய காற்றை விரட்டாமல் எரிவாயு விடக்கூடாது. ஊதுலை வாயுவில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு நாலில் ஒரு பங்கு. நைட்ரஜன் வேண்டுமானால் ஆக்சிஜன் ஆலை ஓட வேண்டும். அதன் குளிர்ப்பெட்டி தேவையான குளிருக்கு இறங்கவே இரண்டு மூன்று நாள். ஆகவே மின்சாரம், கம்ப்ரஸர், ஆக்சிஜன் ஆலை, வாயுக் குழாய் என்றுதான் போக முடியும். இதில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் உயிர் போகும். உற்பத்தியில் முதலில் எழுவது உருட்டாலை. வெளியிலிருந்து ஸ்லாபோ (தகடு உருட்டும் கனமான எஃகுப் பாளம்) பில்லட்டோ (கம்பி உருட்டும் எஃகுக் கட்டை) வாங்கி, 1,200 பாகைக்குச் சூடாக்கி உருட்டினால் தகடும் கம்பியும் கிடைத்துவிடும். அடுத்து மின்வில் உலை, கடைசியில்தான் ஊதுலையும் கோக்கும். "ஆலை மறுபடி இயங்குகிறது" என்ற செய்தியைப் பார்த்தால் இந்த மூன்றில் எது என்று கேளுங்கள்.

போர் மலை மலையாகப் பழைய இரும்பைத் தரும், அதை உருக்கினாலே போதுமே என்று பலர் கேட்பார்கள். தரும், ஆனால் அழுக்கு இரும்பு. எரிந்த டாங்கியில் வெடிமருந்து மிச்சம் இருக்கலாம். ஹைட்ராலிக் சிலிண்டர், மூடிய குழாய், உள்ளே தேங்கிய மழைநீர் எல்லாமே உலைக்குள் குண்டுதான். ஒரு லிட்டர் நீர் நீராவியானால் 1,700 லிட்டருக்குப் பக்கம் விரியும், அது உருகிய எஃகுக்கு அடியில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மூடிய எதையும் வெட்டித் திறக்காமல் உலைக்கு அனுப்பக்கூடாது என்பது அங்கே எழுதப்பட்ட விதி. இரண்டாவது பிரச்சினை செம்பு. மோட்டார், வயர் வழியாக எஃகில் கலந்த செம்பை நடைமுறையில் பிரிக்க வழியில்லை. கட்டுமானக் கம்பி 0.4 சதவீதம் வரை தாங்கும், ஆழமாக அழுத்தி வடிக்கும் கார்த் தகடு 0.06 சதவீதத்துக்கு மேல் தாங்காது. சூட்டில் உருட்டும்போது மேற்பரப்பு வெடிக்கும். ஆக, இடிபாட்டு இரும்பு வீடு கட்டும் கம்பிக்கு நல்லது, தகட்டு ஆலையைக் காப்பாற்றாது.

ஜெர்மனி, ஜப்பான் எடுத்துக்காட்டுக்கு வருவோம். "எல்லாம் அழிந்தது, எல்லாம் புதிதாகக் கட்டினார்கள், அதனால் முந்தினார்கள்" என்பது கேட்க அழகான கதை. ஜெர்மனியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தவறு. 1944 கடைசியில் ரூர் பகுதியின் எஃகு சரிந்ததற்குத் தலையாய காரணங்கள் ரயில் யார்டுகளும் கால்வாய்களும் அறுந்ததும் மின்சாரமும் வாயுவும் நின்றதும். டார்ட்மண்ட்-எம்ஸ் கால்வாய் 1944 செப்டம்பரில் உடைக்கப்பட்ட பிறகு கரியும் தாதும் நகர வழியில்லை. உலைகளில் பல நின்றுகொண்டேதான் இருந்தன. போர்க்கால முதலீட்டையும் சேர்த்துப் பார்த்தால், 1945இல் மேற்கு ஜெர்மனியின் தொழில் மூலதனம் 1936ஐவிடக் கூடுதலாக இருந்தது என்று பொருளாதார வரலாற்றாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பிறகு ஏன் உற்பத்தி வரவில்லை? நேச நாடுகள் 1946 மார்ச்சில் எஃகு உற்பத்திக்கு ஆண்டுக்கு 58 லட்சம் டன் என்று உச்சவரம்பு வைத்தன. ஆலைகளைப் பெயர்த்தெடுக்கும் பட்டியல் இருந்தது. டூயிஸ்பர்க்கின் பெரிய தைசன் ஆலை 1949 நவம்பரில் நேச நாடுகளோடு செய்த பீட்டர்ஸ்பெர்க் உடன்பாட்டில்தான் அந்தப் பட்டியலிலிருந்து தப்பியது. கொரியப் போரின் தேவையும், 1952இல் செயல்படத் தொடங்கிய ஐரோப்பிய நிலக்கரி-எஃகுக் கூட்டமைப்பும் சேர்ந்து அந்த வரம்புகளைப் பொருளற்றதாக்கின. தடையாக இருந்தது காகிதம், அதை நீக்கியதும் காகிதமே.

ஜப்பானின் பள்ளம் இன்னும் ஆழம். 1943இல் 76 லட்சம் டன்னாக இருந்த எஃகு 1946இல் ஏறக்குறைய 5.6 லட்சம் டன். உலை இருந்தது, கரியும் தாதும் இல்லை, இறக்குமதி செய்யக் கப்பலும் அந்நியச் செலாவணியும் இல்லை. பொருளாதார வல்லுநர் அரிசாவா ஹிரோமி முன்வைத்து, 1946 டிசம்பரில் அரசு ஏற்ற திட்டம் எளிமையானது: வரும் கொஞ்சம் எண்ணெயையும் கரியையும் எஃகுக்குக் கொடு, வரும் எஃகு முழுவதையும் சுரங்கத்துக்குத் திருப்பிக் கொடு, கூடுதலாக வரும் கரியை மறுபடி எஃகுக்குக் கொடு. இதன் விலை கடும் பணவீக்கம். அது பலித்ததா, அல்லது ஆக்கிரமிப்பு நிர்வாகம் அனுமதித்த இறக்குமதியும் 1950 கொரியப் போர் ஆர்டர்களும்தான் தூக்கிவிட்டனவா என்பதில் இன்றுவரை ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. எனக்கு இரண்டாவதுதான் கனமாகப் படுகிறது. எப்படியும் பழைய உச்சத்தைத் தொட 1953 ஆனது. "புது ஆலை" என்ற பகுதி அதற்குப் பிறகு வருவது: கவாசாகி நிறுவனம் சிபாவில் கடலோரத்தில் கட்டிய ஒருங்கிணைந்த ஆலையின் முதல் உலை அதே 1953இல் பற்றவைக்கப்பட்டது. 1960இல் 2.2 கோடி, 1973இல் 11.9 கோடி டன். அந்தப் பாய்ச்சலைக் கொடுத்தது ஆழ்கடல் துறைமுகம், மலிவான தாது, விரிந்த உள்நாட்டுச் சந்தை. குண்டுக்கு அதில் பங்கு சொற்பம்.

அழிவிலிருந்து புதுமை பிறந்த நல்ல உதாரணம் வேண்டுமானால் ஆஸ்திரியாவின் லின்ஸைப் பாருங்கள். 1938இல் நாஜி ஆட்சி தொடங்கிய ஆலை, 1944இல் குண்டுவீச்சு, 1946இல் தேசியமயம். அங்கே பழைய இரும்பு அரிது, ஆகவே பழைய இரும்பை அதிகம் கேட்கும் திறந்த அடுப்பு உலை பொருந்தவில்லை. உருகிரும்பில் மேலிருந்து தூய ஆக்சிஜனை ஊதும் முறையைச் சோதித்து 1952 நவம்பரில் தொழில் அளவில் ஓட்டினார்கள். திறந்த அடுப்பில் எட்டுப் பத்து மணி நேரம் எடுத்த வேலை முக்கால் மணிக்குள் முடிந்தது. ஜப்பானின் யவாத்தா 1957இல் அதை எடுத்துக்கொண்டது, இன்று உலக எஃகில் பெரும்பங்கு இந்த வழியில்தான் வருகிறது. லின்ஸ் இதை விரும்பித் தேர்ந்தெடுத்தது என்பதைவிட வேறு வழி இல்லாமல் எடுத்தது என்பதே சரி.

எதிர்ப்பக்க உதாரணங்கள் அதிகம் பேசப்படுவதில்லை. போஸ்னியாவின் ஸெனிகா 1992இல் போரால் முடங்கியது. தாதிலிருந்து எஃகு வரையிலான முழு உற்பத்தி திரும்ப 2008 ஆனது. மோஸ்தாரின் அலுமினிய ஆலை போருக்குப் பிறகு 1997இல் மீண்டது, ஓடியது. பிறகு 2019 ஜூலையில் மின்கட்டணப் பாக்கி ஏறி, மின்சாரம் துண்டிக்கப்பட்டு நின்றது. சோவியத் அனுபவம் இதற்கு நேர் எதிர்: 1940இல் 1.83 கோடி டன், 1942இல் 81 லட்சம், 1945இல் 1.23 கோடி, 1948இல் 1.86 கோடி. மூன்றே ஆண்டில் பழைய நிலை. ஆனால் அங்கே விலை, சந்தை, தொழிலாளர் விருப்பம் எதுவும் கணக்கில் இல்லை, யூரலுக்கு நகர்த்திய ஆலைகளும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. அந்த மூன்றாண்டை இன்றைய நாட்டுக்கு அளவுகோலாக வைக்க முடியாது.

ஆக, உக்ரைனுக்கு எத்தனை ஆண்டு? மின்சாரம், ரயில், துறைமுகம் மூன்றும் பாதுகாப்பாகக் கிடைத்தால், கையில் இருக்கும் ஆலைகளின் தூங்கும் திறனை எழுப்ப இரண்டு மூன்று ஆண்டு என்பது நியாயமான கணிப்பு. 2021இன் 2.14 கோடி டன்னுக்குத் திரும்புவது வேறு விஷயம். மரியுபோல் இல்லாமல் அது நடக்க வேண்டுமானால் புதுத் திறன் கட்ட வேண்டும், நிலம் தேர்வதிலிருந்து கணக்கிட்டால் ஐந்தாண்டுக்குக் குறையாது. கட்டுவது பழைய மாதிரியா என்பதும் கேள்வி. ஊதுலை வழியில் ஒரு டன் எஃகுக்கு 2 டன்னுக்கு மேல் கார்பன் டைஆக்சைடு, பழைய இரும்பு வழியில் முக்கால் டன்னுக்குள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் கட்டணம் 2026 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, உக்ரைனின் பக்கத்துச் சந்தையும் அதுதான். கிரிவீ ரீ வட்டாரத் தாதை உயர் தரத்துக்குச் சுத்திகரித்து, வாயுவால் நேரடியாக ஒடுக்கி (உருக்காமலே ஆக்சிஜனை நீக்கி), மின்வில் உலையில் உருக்கும் திட்டங்கள் காகிதத்தில் நன்றாக இருக்கின்றன. அவற்றுக்குத் தேவை மலிவான, தொடர்ச்சியான மின்சாரமும் வாயுவும். போரில் முதலில் போனவையே இவைதான்.

இன்னொரு பொருத்தமின்மையும் இருக்கிறது. மீள்கட்டுமானத்துக்கு நாடு கேட்பது கட்டுமானக் கம்பி, கோணச் சட்டம், பாலத் தகடு, தண்டவாளம். ஏற்றுமதிக்காகக் கட்டிய ஆலைகள் தருவது ஸ்லாபும் பில்லட்டும் வார்ப்பிரும்புக் கட்டியும். நாட்டின் ஒரே தண்டவாள உருட்டாலை அசோவ்ஸ்டலில் இருந்தது, இப்போது உக்ரைன் ரயில்வே தண்டவாளத்தை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. எஃகு ஏற்றுமதி நாடு ஒன்று தன் ரயில்பாதைக்கு இறக்குமதி செய்யும் நிலை. இதை மாற்ற ஊதுலை வேண்டியதில்லை. ஒரு தண்டவாள உருட்டு வரிசையும் அதற்கு நல்ல தரத்தில் வார்த்தெடுத்த எஃகும் போதும், ஊதுலையும் கோக் வரிசையும் கட்டுவதோடு ஒப்பிட்டால் சிறிய முதலீடு.

இந்த விஷயத்தைத் தொடர்ந்து கவனிக்க விரும்பினால் மாதாந்திர டன் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், அது ஓர் உலையைப் பழுதுக்கு நிறுத்தினாலே ஆடும். ஆலைக்கு யூனிட் மின்சாரம் என்ன விலைக்குக் கிடைக்கிறது, ஒதேசா துறைமுகங்களுக்கு வரும் கப்பலின் போர்க்கால காப்பீட்டுக் கட்டணம் ஏறுகிறதா இறங்குகிறதா, வாங்கும் கரி எந்த நாட்டிலிருந்து எவ்வளவு தூரம் வருகிறது, விலக்குப் பட்டியலில் எத்தனை தொழிலாளர் இருக்கிறார்கள் என்ற நான்கையும் பாருங்கள். டன் கணக்கில் மாற்றம் தெரிவதற்குச் சில மாதம் முன்பே இவற்றில் தெரிந்துவிடும்.